வால்வை மாற்றினால் தொனி மாறுமா? கிட்டார் ஆம்ப் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: வால்வு ஆம்பில் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிஃபையர்) வால்வை மாற்றித் தொனியை மாற்றுவது. பதிலுக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் இயக்காதீர்கள். பவர் வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதில்தான் எரிகிறது. அடுத்தது, வெளியிலிருந்து வால்வைக் கழற்றி மாட்டுவது வேறு, சேசிஸை, அதாவது சுற்று இருக்கும் உலோகப் பெட்டியை, திறப்பது வேறு. உள்ளே 400 முதல் 500 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும், உயிரை எடுக்கக்கூடியது.

கே: ஆம்பின் பின்பக்கம் பார்த்தால் சின்ன வால்வு மூன்று, பெரிய வால்வு இரண்டு இருக்கின்றன. தொனியை மாற்ற எதில் தொடங்குவது?

இன்புட் ஜாக்குக்கு மிக அருகில் இருக்கும் சின்ன வால்வில் தொடங்குங்கள். வரைபடங்களில் அதை வி1 என்று குறிப்பார்கள். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் அங்கேதான் முதன்முதலில் பெருக்கப்படுகிறது. அந்த வால்வின் பெருக்கம், இரைச்சல், குணம் எல்லாவற்றையும் பின்னால் வரும் ஒவ்வொரு கட்டமும் மேலும் பெருக்கிக்கொண்டே போகும். அதனால் அங்கே செய்யும் சிறு மாற்றமும் காதில் தெளிவாக விழும்.

பெரிய வால்வுகளுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் கடைசிச் சின்ன வால்வு பெரும்பாலும் ஃபேஸ் இன்வெர்ட்டர். சிக்னலை எதிரெதிரான இரண்டு பாதியாகப் பிரித்துப் பெரிய வால்வுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. பெரிய இரண்டும் பவர் வால்வுகள், ஸ்பீக்கரை ஓட்டுபவை.

சின்ன வால்வை மாற்ற சால்டரிங் தேவையில்லை, பயாஸ் (சும்மா இருக்கும்போது வால்வில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் மைனஸ் வோல்டேஜ்) சரிபார்க்கவும் தேவையில்லை. ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆற விடுங்கள். மேலே தகர மூடி இருந்தால் லேசாக அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும். வால்வின் கண்ணாடியை அடிப்பக்கமாகப் பிடித்து, மிகச் சிறிய வட்டமாக அசைத்தபடி நேராக இழுங்கள். பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் ஊசிகள் வளையும். ஊசி கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் விரிசல் விட்டால் வெற்றிடம் போய்விடும். புதிய வால்வை மாட்டும்போது 1-ஆம், 9-ஆம் ஊசிகளுக்கு இடையிலுள்ள அகலமான இடைவெளியைச் சாக்கெட்டின் இடைவெளியோடு ஒத்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வால்வு. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று கடைசி வரை தெரியாது. பழைய வால்வில் ஒரு துண்டு காகிதப் பட்டை ஒட்டி, எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்கிக்கொள்வதும் முக்கியம். சற்றே உரக்கக் கேட்பது நம் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். பெருக்கம் கூடிய வால்வு ‘நல்ல வால்வு’ என்று பெயர் வாங்குவது பாதி நேரம் இதனால்தான்.

தொனியையே தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், வால்வை விட ஸ்பீக்கரை மாற்றுவதில் பலன் அதிகம். வால்வு மாற்றம் ஆம்பின் பெருக்கத்தையும் அது உடையத் தொடங்கும் இடத்தையும் நகர்த்தும். அதை எதிர்பார்த்துச் செய்தால் ஏமாற்றம் இருக்காது.

கே: வால்யூமை 3-க்கு மேல் வைத்தாலே சத்தம் கரகரவென்று உடைகிறது. சுத்தமான தொனி இன்னும் கொஞ்ச தூரம் வேண்டும். 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதில் எதைப் போடலாம்?

உங்கள் தேவைக்குப் பொருத்தமான வேலை இது. 12ஏஎக்ஸ்7-இன் குடும்பத்தில் அதே 9 ஊசி, அதே இணைப்பு முறை கொண்ட வால்வுகள் பல உண்டு. ஐரோப்பியப் பெயரில் 12ஏஎக்ஸ்7 என்பது ஈசிசி83. 12ஏடி7 என்பது ஈசிசி81. 12ஏயு7 என்பது ஈசிசி82. பெருக்கக் காரணி 12ஏஎக்ஸ்7-க்கு 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44, 12ஏயு7-க்குச் சுமார் 17.

100 என்றால் சிக்னல் நூறு மடங்காகும் என்று பொருளல்ல. வால்வுக்குள் ஹீட்டர் சூடாக்க, கேத்தோடு எலெக்ட்ரான்களை வெளிவிடும்; கிரிட் அவற்றைக் கட்டுப்படுத்தும்; பிளேட் அவற்றை வாங்கிக்கொள்ளும். வழக்கமான 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டரோடு, வால்வின் உள்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 12ஏஎக்ஸ்7 கொடுப்பது ஏறத்தாழ 61 மடங்கு. அதே இடத்தில் 5751 சுமார் 44, 12ஏஒய்7 சுமார் 35, 12ஏயு7 சுமார் 15 மடங்கு. டெசிபெல்லில் சொன்னால் 5751 போடும்போது ஏறத்தாழ 3 குறையும், 12ஏஒய்7-க்கு 5, 12ஏயு7-க்கு 12. சுற்றில் அடுத்து வரும் சுமையைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

எங்கள் பரிந்துரை: முதலில் 5751. குணம் 12ஏஎக்ஸ்7-ஐ ஒட்டியே இருக்கும், உடையும் இடம் மட்டும் சற்றுத் தள்ளிப்போகும். அது போதவில்லை என்றால் 12ஏஒய்7. 1950-களின் ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் போன்ற ஆம்புகளில் முதல் சாக்கெட்டுக்குத் தொழிற்சாலையே தேர்ந்தெடுத்தது 12ஏஒய்7-ஐத்தான். மெதுவாக, பிசிறில்லாமல் உடையும் அந்தத் தொனியில் இந்த வால்வுக்கும் பங்கு உண்டு.

12ஏயு7-ஐ வி1-இல் போடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. சாக்கெட் பொருந்தும், ஆபத்தும் இல்லை. ஆனால் 12ஏஎக்ஸ்7-க்காகக் கணக்கிட்ட 1.5 கிலோஓம் கேத்தோடு ரெசிஸ்டரோடு அது அதிக கரண்ட் இழுக்கும்; பிளேட் வோல்டேஜ் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மிகவும் கீழே இறங்கிவிடும். சத்தம் குறைவதோடு நிற்காமல் உயிர்ப்பும் போய், போர்வையைப் போர்த்தியது போலக் கேட்கும். அதற்கேற்ப ரெசிஸ்டர்களையும் மாற்றினால்தான் 12ஏயு7 தன் நல்ல முகத்தைக் காட்டும்.

கே: 12ஏடி7 கையில் இருக்கிறது. எந்தச் சாக்கெட்டில் வேண்டுமானாலும் போடலாமா?

எல்லா இடத்திலும் அல்ல. ஃபேஸ் இன்வெர்ட்டர் சாக்கெட்டில் தாராளமாகப் போடலாம். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் ஆகியவற்றில் அந்த இடத்துக்கு உரியதே 12ஏடி7தான். 12ஏஎக்ஸ்7 இருந்த ஃபேஸ் இன்வெர்ட்டரில் இதைப் போட்டால் பவர் வால்வுகளுக்குப் போகும் சிக்னல் சற்றுக் குறையும். ஆம்ப் கொஞ்சம் இறுக்கமாக, சுத்தமாக ஒலிக்கும். ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) டிரைவர் சாக்கெட்டும் 12ஏடி7-இன் சொந்த வீடு. அங்கே வேண்டியது பெருக்கத்தை விட கரண்ட். 12ஏஎக்ஸ்7 போட்டால் ரிவெர்ப் மெலிந்துவிடும். மாறாக, ரிவெர்ப் குமிழை 2-க்கு மேல் வைத்தாலே குகைக்குள் வாசிப்பது போல இருக்கிறது என்பவர்கள் அங்கே 12ஏயு7 போட்டுப் பார்க்கலாம். குமிழின் முழு வீச்சும் பயன்பாட்டுக்கு வரும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடம் கேத்தோடு ஃபாலோவர். மார்ஷல் வகை ஆம்புகளில் டோன் குமிழ்களுக்கு முன்னால் இருக்கும் கட்டம் இது. இங்கே கேத்தோடு தரையிலிருந்து 150 வோல்ட்டுக்கும் மேலே நிற்கும். ஹீட்டரோ தரைக்கு அருகில். அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காப்புப் பூச்சு. 12ஏஎக்ஸ்7-க்கு அந்த வரம்பு 180 வோல்ட் அளவில். 12ஏடி7-க்கு 90 வோல்ட்தான். போட்டவுடன் வேலை செய்யும், சில வாரங்களில் உறுமலும் படபடப்பும் ஆரம்பிக்கும். அந்தச் சாக்கெட்டில் 12ஏடி7 வேண்டாம்.

இன்னொன்று: ஈசிசி88 என்கிற 6டிஜே8 வால்வும் அதே 9 ஊசிதான், சாக்கெட்டில் அழகாக உட்காரும். ஆனால் அதன் ஹீட்டர் 4, 5 ஊசிகளுக்கு நடுவே மட்டும். 9-ஆம் ஊசி உள்ளே இருக்கும் தகட்டு மறைப்புக்குப் போகிறது. 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டிலோ 4-ஐயும் 5-ஐயும் சேர்த்துக் கட்டி, 9-ஆம் ஊசி வழியாக 6.3 வோல்ட் கொடுத்திருப்பார்கள். ஹீட்டர் எரியவே எரியாது. ‘உட்காருகிறது, ஆகவே சேரும்’ என்ற முடிவுக்கு வராதீர்கள்.

கே: 6எல்6 வால்வு இருக்கும் ஆம்பில் ஈஎல்34 மாட்டினால் பிரிட்டிஷ் தொனி வரும் என்கிறார்கள். இரண்டும் 8 ஊசிதானே, நேராக மாற்றலாமா?

நேராக மாற்றக் கூடாது. நான்கு விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஹீட்டர் கரண்ட். 6எல்6ஜிசி ஒன்றுக்கு 0.9 ஆம்பியர், ஈஎல்34 ஒன்றுக்கு 1.5. இரண்டு வால்வு ஆம்பில் பவர் டிரான்ஸ்ஃபார்மரிடம் 1.2 ஆம்பியர் கூடுதலாகக் கேட்கிறீர்கள், நான்கு வால்வு ஆம்பில் 2.4. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தத் தெம்பு இல்லையென்றால் அது மெல்ல மெல்லச் சூடேறி ஒரு நாள் உருகும். மாட்டிய பின் 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டர் ஊசிகளில், அதாவது 2, 7 ஊசிகளில், ஏசி அளந்து பாருங்கள். 6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது என்று அர்த்தம். பழைய வால்வுக்கே திரும்புங்கள்.

இரண்டாவது 1-ஆம் ஊசி. ஈஎல்34-இல் அது சப்ரஸர் கிரிட் (பிளேட்டுக்கு அருகே இருக்கும் கூடுதல் கிரிட்); 8-ஆம் ஊசியான கேத்தோடோடு இணைந்திருக்க வேண்டும். 6எல்6-இல் அந்த ஊசிக்கு வேலையில்லை. அதனால் பல ஃபெண்டர் ஆம்புகளில் சாக்கெட்டின் 1-ஆம் காலை வெறும் முடிச்சுப் புள்ளியாக வைத்து, கிரிட் ரெசிஸ்டரை அதில் சால்டர் செய்திருப்பார்கள். அப்படியே ஈஎல்34 மாட்டினால் பயாஸின் மைனஸ் வோல்டேஜ் முழுவதும் சப்ரஸரில் போய் உட்காரும். ரெசிஸ்டரை அங்கிருந்து விடுவித்து நேராகக் கிரிட்டான 5-ஆம் காலுக்குக் கொண்டுபோய், 1-ஐயும் 8-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்த பிறகே ஈஎல்34 மாட்ட வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகும் 6எல்6 அதே சாக்கெட்டில் வேலை செய்யும் என்பது நல்ல செய்தி.

மூன்றாவது ஸ்கிரீன் ரெசிஸ்டர். ஈஎல்34-இன் ஸ்கிரீன் (கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள இரண்டாவது கிரிட்), உரக்க வாசிக்கும்போது அதிக கரண்ட் இழுக்கும். பழைய ஃபெண்டர்களில் இருக்கும் 470 ஓம், 1 வாட் இதற்குப் போதாது. 1 கிலோஓம், 5 வாட் போடுங்கள்.

நான்காவது பயாஸ். இங்கே ஒரு நுணுக்கம். ஒரே பிளேட் வோல்டேஜில் 6எல்6ஜிசி கேட்கும் மைனஸ் வோல்டேஜ், ஈஎல்34 கேட்பதை விட அதிகம். எனவே 6எல்6-க்கு அமைத்த ஆம்பில் ஈஎல்34 மாட்டினால் அது தேவைக்கு மேல் குளிர்ந்து ஓடும்: சத்தம் மெலிந்து, மெதுவாக வாசிக்கும்போது ஸ்வரங்களின் ஓரம் மரத்தை அராவுவது போலக் கேட்கும். எதிர்த்திசையில் ஆபத்து அதிகம். ஈஎல்34-க்கு அமைத்த ஆம்பில் 6எல்6 மாட்டி அப்படியே இயக்கினால் கரண்ட் எகிறி, பிளேட் சிவந்து பழுக்கும். எந்தத் திசையில் மாற்றினாலும் பயாஸ் அளக்காமல் வாசிக்கத் தொடங்காதீர்கள்.

6வி6 ஆம்பில் 6எல்6 போடலாமா என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். ஊசி அமைப்பு ஒன்றுதான். ஆனால் 6வி6-இன் ஹீட்டர் 0.45 ஆம்பியர், அதாவது இரு மடங்கு கேட்கும் வால்வை மாட்டுகிறீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுமையும் பொருந்தாது: ஒரு ஜோடி 6வி6-க்கு 8 கிலோஓமை ஒட்டிய சுமை, 6எல்6 ஜோடிக்கு அதில் பாதி. வேண்டாம்.

கே: பயாஸ் கணக்கைப் படிப்படியாகச் சொல்லுங்கள். 70 சதவீதம் என்கிறார்கள், எதில் 70 சதவீதம்?

பிளேட் தாங்கக்கூடிய அதிகபட்ச வெப்பத்தில் 70 சதவீதம். ஒன்றும் வாசிக்காமல் ஆம்ப் சும்மா இருக்கும்போது வால்வு வெளிவிடும் வெப்பம் அதைத் தாண்டக் கூடாது என்பது, பயாஸ் திருகு உள்ள கிளாஸ் ஏபி (சிக்னலின் இரண்டு பாதியையும் பவர் வால்வுகள் பங்கிட்டுக்கொள்ளும் வகை) ஆம்புகளுக்கான பொது விதி. ஈஎல்34-க்கு அதிகபட்சம் 25 வாட், 6எல்6ஜிசி-க்கு 30, 6வி6ஜிடி-க்கு 12 முதல் 14 வரை, தயாரிப்பைப் பொறுத்து.

ஈஎல்34 எடுத்துக்கொள்வோம். 25 வாட்டில் 70 சதவீதம் 17.5 வாட். உங்கள் ஆம்பில் பிளேட் வோல்டேஜ் 450 என்றால், 17.5-ஐ 450-ஆல் வகுத்தால் 0.0389 ஆம்பியர். ஒரு வால்வுக்கு 39 மில்லிஆம்பியர் உச்ச வரம்பு. அதே வோல்டேஜில் 6எல்6ஜிசி-க்கு 21 வாட், அதாவது 46 அல்லது 47 மில்லிஆம்பியர். இது இலக்கு அல்ல, தாண்டக் கூடாத கோடு. 60-க்கும் 70-க்கும் நடுவே காதுக்கு எது பிடிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். 60-இல் வால்வு நீண்ட நாள் உழைக்கும். பெரும்பாலோர் காதுக்கு 60-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே தெரியும்.

கரண்டை அளக்க எளிய வழி, ஒவ்வொரு பவர் வால்வின் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 1 ஓம், 1 சதவீதத் துல்லிய ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்துவது. அதன் குறுக்கே மீட்டர் 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது. பல புதிய ஆம்புகளில் இந்த ரெசிஸ்டரும் அளவுப் புள்ளியும் தொழிற்சாலையிலேயே இருக்கும். சேசிஸைத் திறக்க விரும்பாதவர்கள் சாக்கெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மாட்டும் பயாஸ் புரோபை வாங்கிக்கொள்ளலாம். அதன் உள்ளேயும் இதே ரெசிஸ்டர்தான்.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால்: பிளக்கைப் பிடுங்குங்கள். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைக்கும் நல்ல காப்புறை உள்ள கிளிப் வயர் இணைத்து, ஒரு முனையைச் சேசிஸில் கவ்வி, மறு முனையை முதல் ஃபில்டர் கண்டன்சரின் பாசிட்டிவில் 10 வினாடி பிடியுங்கள். மற்ற கண்டன்சர்களுக்கும் அப்படியே. பிறகு மீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை ஒவ்வொன்றிலும் பாருங்கள். பார்த்த பிறகே விரலை வையுங்கள். மின்சாரம் கொடுத்து அளக்கும்போது ஒரு கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனை கிளிப் மூலம் சேசிஸில். சிவப்பு முனை மட்டும் கையில்.

அளக்கும் வரிசை இது. பவர் வால்வுகளை மாட்டும் முன்பே ஆம்பை இயக்கி, ஒவ்வொரு சாக்கெட்டின் 5-ஆம் காலிலும் மைனஸ் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றில் பூஜ்யம் என்றால் அங்கே வால்வு மாட்டாதீர்கள். எல்லாம் சரியென்றால் திருகை மைனஸ் அதிகம் இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோய் அணைத்துவிட்டு வால்வை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்கட்டும், எல்லாக் குமிழும் பூஜ்யத்தில். இயக்கி 10 நிமிடம் சூடாக விடுங்கள். 3-ஆம் காலில் பிளேட் வோல்டேஜ், பிறகு 1 ஓம் ரெசிஸ்டரில் மில்லிவோல்ட். திருகைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இரண்டையும் அளங்கள். கரண்ட் ஏறினால் பிளேட் வோல்டேஜ் இறங்கும் என்பதால் பழைய வோல்டேஜை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும். இரண்டு மூன்று சுற்றில் நிலைபெற்றுவிடும். கால் மணி நேரம் கழித்துக் கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டு மூடுங்கள்.

1 ஓம் ரெசிஸ்டர் காட்டுவது பிளேட் கரண்டும் ஸ்கிரீன் கரண்டும் சேர்ந்த கூட்டு. ஈஎல்34-இல் ஸ்கிரீன் பங்கு சில மில்லிஆம்பியர் இருக்கும். கழிக்காமல் விட்டால் பாதுகாப்பான பக்கமே தவறுகிறீர்கள், பரவாயில்லை.

கே: என்னுடையது இரண்டு ஈஎல்84 உள்ள சிறிய ஆம்ப். பயாஸ் திருகே காணோம்.

உங்கள் ஆம்ப், கேத்தோடு ரெசிஸ்டரே பயாஸை உண்டாக்கும் கேத்தோடு பயாஸ் வகையாக இருக்கலாம். அதில் வால்வு தன் கரண்டைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். புதிய ஜோடியை மாட்டிவிட்டு வாசிக்கலாம். ஆனாலும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. இரண்டு வால்வுக்கும் பொதுவாக 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், அதன் குறுக்கே 11 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 85 மில்லிஆம்பியர், வால்வுக்கு 42. ஸ்கிரீனுக்கு 5 கழித்தால் பிளேட்டுக்கு 37. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 310 வோல்ட் இருந்தால் 11.5 வாட். ஈஎல்84-இன் வரம்பு 12. இந்த வகை ஆம்புகள் வரம்பை ஒட்டியே ஓடும், 70 சதவீத விதி இவற்றுக்குப் பொருந்தாது.

சில சிறிய ஆம்புகளில் ஃபிக்ஸட் பயாஸ் (கிரிட்டுக்குத் தனியாக மைனஸ் வோல்டேஜ் கொடுக்கும் வகை) இருந்தும் திருகு வைக்காமல் விட்டிருப்பார்கள். ஈஎல்84-இன் கேத்தோடான 3-ஆம் ஊசி நேராகத் தரைக்குப் போனால் உங்களுடையது அந்த ரகம். அங்கே வால்வுக்கு வால்வு கரண்ட் நிறைய மாறும், அளக்காமல் விடாதீர்கள்.

கே: புதிய ஜோடி மாட்டினேன். 10 நிமிடத்தில் ஒரு வால்வின் உள்ளே தகடு சிவப்பாகப் பழுத்தது. வால்வு கெட்டதா, ஆம்ப் கெட்டதா?

சிவந்ததைப் பார்த்தவுடன் அணைத்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் வால்வின் ஆயுளையும் டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுளையும் தின்கிறது.

ஆறிய பிறகு இரண்டு வால்வையும் இடம் மாற்றி மாட்டி, ஸ்பீக்கர் இணைத்து, கண்ணை எடுக்காமல் பாருங்கள். சிவப்பு வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் வால்வில் குறை, திருப்பிக் கொடுங்கள். அதே சாக்கெட்டில் வேறு வால்வு சிவந்தால் குறை ஆம்பில். பெரும்பாலும் அந்தச் சாக்கெட்டின் 5-ஆம் காலுக்குப் பயாஸ் வந்து சேரவில்லை. காரணங்கள் அநேகமாக இவற்றில் ஒன்று: சாக்கெட்டின் உள்ளே கவ்வும் இதழ் தளர்ந்து ஊசியைத் தொடாமல் நிற்பது, சாக்கெட் காலில் சால்டர் விரிசல் விட்டிருப்பது, பயாஸைக் கொண்டுவரும் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருப்பது, ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து சிக்னல் கொண்டுவரும் கப்ளிங் கண்டன்சர் கசிந்து, பாசிட்டிவ் டிசியைக் கிரிட்டுக்கு விடுவது. கடைசியானதைக் கண்டுபிடிக்க இரண்டு பவர் வால்வையும் எடுத்துவிட்டு இரு சாக்கெட்டின் 5-ஆம் காலிலும் டிசி அளங்கள். ஒன்றில் மைனஸ் 45, மற்றதில் மைனஸ் 30 என்று வந்தால் கசிவது அந்தக் கண்டன்சர்தான்.

தளர்ந்த இதழை, மின்சாரம் இல்லாதபோது, கண்டன்சர் காலியானதை அளந்து பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியால் மெதுவாக உள்பக்கம் நெருக்கலாம். கான்டாக்ட் கிளீனரைச் சாக்கெட்டில் நேராகப் பீய்ச்சாமல் வால்வின் ஊசிகளில் தடவி, நான்கைந்து முறை மாட்டிக் கழற்றினால் போதும்.

இரண்டு வால்வும் ஒன்றாகச் சிவந்தால் பயாஸ் வோல்டேஜே இல்லை, அல்லது திருகு தப்பான இடத்தில் இருக்கிறது.

கே: சில ஸ்வரங்களை வாசிக்கும்போது மட்டும் ஆம்புக்குள் கண்ணாடி வளையல் உரசுவது போன்ற சத்தம் வருகிறது.

மைக்ரோஃபோனிக் வால்வின் அடையாளம். உள்ளே கிரிட் கம்பிகள் தளர்ந்து, ஸ்பீக்கரின் அதிர்வில் தாமும் அதிர்ந்து, மைக் போலச் சிக்னலை உண்டாக்குகின்றன. ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போக்களில் இது சாதாரணம்.

வால்யூமை நடுவில் வைத்து, கிட்டார் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஈரமில்லாத மரப் பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டுங்கள். வி1 தட்டும்போது ‘டொக்’ என்று சிறிதளவு கேட்பது இயல்பு, நல்ல வால்விலும் கேட்கும். ‘டிங்ங்’ என்று மணி போல இழுத்தால், அல்லது தட்டியதும் ஊளையிடத் தொடங்கினால் அதுதான் குற்றவாளி. அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஃபேஸ் இன்வெர்ட்டர் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டு அங்கிருந்ததை வி1-க்குக் கொண்டுவாருங்கள். அங்கே அதற்குப் பின்னால் பெருக்கம் குறைவு என்பதால் பல நேரம் குறை காதில் விழாமலே போய்விடும்.

பவர் வால்வு ஆடி எழுப்பும் சத்தம் வேறு. அது ஸ்பீக்கரிலிருந்து வராது, வால்விலிருந்தே நேராக வரும். வெப்பம் தாங்கும் சிலிக்கான் வளையம் ஒன்றைக் கண்ணாடியில் மாட்டினால் அடங்கலாம். மாட்டும் முன் தகர மூடி, பிடிப்புக் கம்பி, பின்பலகைத் திருகு ஆகியவற்றை இறுக்கிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் போடாதீர்கள், உருகும்.

கே: ரெக்டிஃபையர் வால்வையும் மாற்றினால் தொனி மாறுமா? 5ஒய்3 இருக்கிறது, ஜிஇசட்34 போட ஆசை.

மாறும், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டிய மாற்றம். ரெக்டிஃபையர் என்பது ஏசியை டிசியாக்கும் வால்வு. 5ஒய்3 தனக்குள்ளேயே நிறைய வோல்டேஜை விழுங்கும். அழுத்தி வாசிக்கும்போது அந்த இழப்பு இன்னும் கூடி, சத்தம் ஒரு கணம் அமுங்கி மீண்டும் மலரும். அந்தத் தொய்வை விரும்பி வாங்குபவர்கள் பலர். ஜிஇசட்34 மிகக் குறைவாக விழுங்கும். பிளேட் வோல்டேஜ் 40, 50 வோல்ட் வரை ஏறலாம், தாக்கு கூர்மையாகும், பவரும் சற்றுக் கூடும்.

அந்த 50 வோல்ட்டைத் தாங்க வேண்டியவை பவர் வால்வுகளும் ஃபில்டர் கண்டன்சர்களும். கண்டன்சரின் மேல் 450 வோல்ட் என்று அச்சிட்டிருந்து, ஏற்கெனவே 420 ஓடிக்கொண்டிருந்தால் ஜிஇசட்34 வேண்டாம். மாட்டினால் பயாஸை மறுபடி அளங்கள். கேத்தோடு பயாஸ் ஆம்பிலும் வாட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5யு4 என்பதோ ஹீட்டருக்கே 3 ஆம்பியர் கேட்கும். 5ஒய்3-க்கு 2 போதும். டிரான்ஸ்ஃபார்மர் விவரம் தெரியாமல் அதை மாட்டாதீர்கள்.

கே: நான்கு பவர் வால்வு ஆம்பில் இரண்டை எடுத்துவிட்டால் சத்தம் பாதியாகுமா?

பவர் பாதியாகும், காதுக்குக் குறைவது 3 டெசிபெல்தான். ‘கொஞ்சம் குறைந்தது’ என்று தோன்றும், அவ்வளவே. செய்வதானால் வெளிப்புறத்து இரண்டையோ உள்புறத்து இரண்டையோ எடுங்கள். பெரும்பாலான ஃபெண்டர், மார்ஷல் ஆம்புகளில் இடப்பக்க இரண்டும் ஒரு பாதி, வலப்பக்க இரண்டும் மறு பாதி. ஒரே பக்கத்து இரண்டையும் எடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதிக்கு ஆளே இருக்காது. இம்பீடன்ஸ் சுவிட்சைப் பாதியாக்குங்கள்: ஸ்பீக்கர் 16 ஓம் என்றால் சுவிட்ச் 8-இல். எஞ்சிய இரண்டின் பயாஸையும் அளங்கள், வோல்டேஜ் சற்று ஏறியிருக்கும்.

கே: வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறது. கெட்டுப்போனதா?

ஒளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடியின் உள்சுவரை ஒட்டி, வாசிப்புக்கேற்ப ஆடும் அடர் நீலம் என்றால் நல்ல வால்விலும் வருவதுதான். எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதி உண்டாக்கும் ஒளி. பிளேட்டுக்குள்ளே, கம்பிகளுக்கு நடுவே, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த மூட்டம் போலத் தெரிந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள். உச்சியில் கண்ணாடி போல மின்னும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது, அந்த வால்வை இயக்கிப் பார்க்கவும் வேண்டாம்.